பிக் லைனா, போர்ட்டா, ஹிக்மேனா? அப்பாவுக்கு ரத்தப் புற்று, திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும்

குடமுருட்டிக் கரை · ஜூன் 19, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாபநாசம் பக்கம். அப்பாவுக்கு 57 வயசு, விவசாயம். சித்திரையில பல் ஈறுல ரத்தம் நிக்காம வந்துச்சு. தஞ்சாவூர்ல ரத்தம் பார்த்தோம், அன்னைக்கே திருச்சிக்கு அனுப்பிட்டாங்க. ஏ.எம்.எல்.னு வேகமாப் பரவுற ரத்தப் புற்றாம். முதல் சுற்று கீமோவுக்குக் கழுத்துல மூணு வால் தொங்குற மாதிரி ஒரு லைன், அதாவது மருந்து ஏத்துற குழாய் போட்டாங்க. 34 நாள் உள்ளயே கிடந்தோம். போன வாரம் எலும்பு மஜ்ஜை டெஸ்ட்ல நோய் அடங்கியிருக்குன்னு வந்திருக்கு. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டும் ஏறிடுச்சு. கழுத்து லைனை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க.

இனிமே மூணு சுற்று ஹை டோஸ் சைட்டரபின்னு ஒரு கீமோ மருந்தாம். அதுக்கு வேற லைன் வேணும். "கையில பிக் போடலாம், இல்ல நெஞ்சுல போர்ட் வைக்கலாம். யோசிச்சுத் திங்கட்கிழமை சொல்லுங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாங்க என்னத்தக் கண்டோம்? சித்தப்பா போர்ட்டுதான் வைக்கணும்னு ஒத்தக் காலுல நிக்கிறாரு. சித்திக்கு மார்புல கட்டி வந்தப்ப போர்ட் வெச்சு, ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லையாம். அம்மா, "உடம்புக்குள்ள எதையும் வெச்சுத் தைக்க வேணாம்"ங்குது. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "எதைப் போட்டா வயலுக்குப் போகலாம்?"

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வார்டு அக்கா · ஜூன் 19, இரவு 11.15

தம்பி, நான் நீடாமங்கலத்துக்காரி. 14 வருஷமா புற்றுநோய் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் சொல்றதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. ஆனா இந்தக் குழாய் சமாச்சாரத்தைத் தினமும் தொடுறவ நான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. கழுத்து லைன், பிக், ஹிக்மேன், போர்ட் எல்லாத்துக்கும் நுனி போய் நிக்கிறது ஒரே இடம். இதயத்துக்கு மேல இருக்கிற பெரிய ரத்தக்குழாய். அங்க நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடும். கைநரம்புல போனா புண்ணாக்குற மருந்துகூட அங்க போனதும் கரைஞ்சு போயிடும். அப்பாவுக்கு முதல் சுற்றுல சிவப்பு மருந்து ஏத்தியிருப்பாங்களே, அது வெளிய கசிஞ்சா சதையே வெந்து போகும். அதுக்குத்தான் கழுத்துல போட்டது. ஆக, ஆத்துல சேர்ற இடம் ஒண்ணுதான், மதகு எந்தக் கரையிலங்கிறதுதான் வித்தியாசம்.

பிக்குன்னா மதகு மேல்கையில. முழங்கைக்கு மேல ஸ்கேன் வெச்சுப் பார்த்து ஊசி போட்டு, நூல் மாதிரி குழாயை உள்ள ஓட்டுவாங்க. தையல், ஆபரேஷன் கிடையாது. ஹிக்மேன்னா நெஞ்சுல. தோலுக்கு அடியில சுரங்கம் மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வெளிய விடுவாங்க. அந்தச் சுரங்கத்துக்குள்ள குழாயைச் சுத்தி ஒரு துணி வளையம் இருக்கும். மூணு, நாலு வாரத்துல சதை அதைப் பிடிச்சுக்கும், கிருமி ஏற வழி அடையும். போர்ட்டுன்னா மதகு முழுசா மண்ணுக்கு அடியில. காலர் எலும்புக்குக் கீழ தோலுக்குள்ள ஒரு சின்ன டப்பா, மேல சிலிகான் மூடி. வேணுங்கிறப்ப தோல் வழியா ஒரு தனி ஊசி குத்தணும். ஹியூபர் ஊசின்னு பேரு. சாதா ஊசி குத்தினா மூடி பொத்துப் போகும்.

நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? பக்கத்துல லைன் தொடத் தெரிஞ்ச சிஸ்டர் யாராவது இருக்காங்களா? வீட்டுல அப்பாவைப் பார்த்துக்கப் போறது யாரு? டாக்டர் பின்னாடி மஜ்ஜை மாற்று பத்திப் பேசினாரா?

மன்னை அம்மா · ஜூன் 20, காலை 6.05

என் மகனுக்கு அஞ்சு வயசுல ஏ.எல்.எல்., அதுவும் ஒரு ரத்தப் புற்றுதான். இப்ப ஏழு. மன்னார்குடியிலேர்ந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அலையிறோம். கும்பகோணம், சிதம்பரம், கடலூர்னு பஸ் மாறிப் போனா ஒரு நாள் போச்சு.

ஆரம்பத்துல கையிலயே நரம்பு தேடித் தேடிக் குத்துனாங்க. நாலு பேரு பிடிச்சுக்கணும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே கத்துவான். முதல் மாசம் முடிஞ்சு ரத்த அணு கவுண்ட் ஏறினதும் போர்ட் வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. குத்துறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எம்லா கிரீம் தடவி மேல ஒட்டிட்டா மரத்துப் போயிடும். ஊசி இல்லாத நாள்ல குளிப்பான், ஓடுவான், பள்ளிக்கூடம் போவான், யாருக்கும் எதுவும் தெரியாது. மாசம் ஒரு தடவை பிளஷ் பண்ணினா, அதாவது மருந்துத் தண்ணி விட்டுக் குழாயைக் கழுவினா போதும்.

நான் போர்ட்டுதான் சொல்வேன். ஆனா எங்களுக்கு வைத்தியம் ரெண்டரை வருஷம், அதுல பாதி நாள் மாத்திரைதான். உங்களுக்கு எப்படின்னு தெரியல.

கேள்விக்குறி · ஜூன் 20, காலை 8.30

இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்லை. 2021ல் லான்செட் இதழ்ல வந்த பிரிட்டன் ஆய்வு, பேரு காவா. 1,061 நோயாளிகள். போர்ட் வெச்சவங்கள்ல சிக்கல் 29 சதவீதம், ஹிக்மேன்ல 43. பிக்கோட நேருக்கு நேர் ஒப்பிட்டப்ப போர்ட் 32, பிக் 47. பிக்கும் ஹிக்மேனும் கிட்டத்தட்ட சமம். அப்புறம் ஏன் நம்ம ஊர்ல எல்லாருக்கும் பிக் போடுறாங்க? போர்ட்டுக்கு ஆபரேஷன் தியேட்டர் வேணும், சர்ஜன் வேணும். பிக் போட்டா வேலை சுலபம். அவ்வளவுதான். உங்க சித்தப்பா சொல்றதுதான் சரி.

இரவுப்பணி · ஜூன் 20, பிற்பகல் 2.20

ரத்தவியல் படிச்சிட்டிருக்கிற டாக்டர் நான், ஊர் திருத்துறைப்பூண்டி. கேள்விக்குறி சொன்ன எண்கள் எல்லாம் சரி. அந்த ஆய்வுக்குள்ள யார் இருந்தாங்கன்னும் பார்க்கணும். பெரும்பாலானவங்க மார்பு, குடல் மாதிரி கட்டிப் புற்றுக்காரங்க. 12 வாரமோ அதுக்கு மேலயோ கீமோ எடுக்கப் போறவங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரு நாள் ஊசி குத்தி மருந்து ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போறவங்களுக்குப் போர்ட் அருமையானது. சித்தியோட கதையும் அதுதான்.

ஏ.எம்.எல். கதை வேற. ஹை டோஸ் சைட்டரபின் நாள் விட்டு நாள், காலையும் ராத்திரியும், மொத்தம் ஆறு டோஸ். அஞ்சு நாள்ல முடிஞ்சிரும். உண்மையைச் சொன்னா அந்த மருந்துக்குன்னு மட்டும் சென்ட்ரல் லைனே தேவையில்லை, அது சதையை வேக வைக்கிற ரகம் இல்லை. கஷ்டம் பின்னாடி வர்ற ரெண்டு, மூணு வாரத்துலதான். வெள்ளை அணு பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகும், பிளேட்லெட் 10,000க்கும் கீழே இறங்கும். ஒரு நாள் ரத்தம், மறுநாள் பிளேட்லெட், நடுவுல காய்ச்சல் வந்தா ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆன்டிபயாட்டிக், தினமும் ரத்தப் பரிசோதனை. இந்த நாட்கள்ல போர்ட் வெச்சிருந்தாலும் ஊசி குத்தினபடியேதான் இருக்கும், வாரம் ஒரு தடவை மாத்தணும். தோலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிறதுனால வர்ற லாபம் அப்ப பெரும்பாலும் போயிடும்.

இன்னொண்ணு. அந்த நேரத்துல லைன்ல கிருமி ஏறிடுச்சுன்னு வைங்க. பிக்கைக் கட்டில்லயே வெச்சு உருவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை. போர்ட்டை எடுக்கக் கத்தி வைக்கணும். பிளேட்லெட் 8,000ல இருக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பிக்குல குறையே இல்லைன்னு நான் சொல்லல. ரத்தம் கட்டுறது மத்ததைவிட அதுல அதிகம். கை நரம்பு மெலிசு, குழாய் அதுல பாதி இடத்தை அடைச்சா ஓட்டம் மந்தமாகும். அதனால தேவைக்கு மேல தடிமனான பிக் போட விடாதீங்க. ரெண்டு வாய் (குழாய்க்குள்ள தனித்தனி வழி) போதும்னா மூணு வாய் கேக்காதீங்க.

கேள்விக்குறி · ஜூன் 20, மாலை 4.02

சரி, கட்டிப் புற்று விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனா பிக்கை வாரா வாரம் பார்த்துக்கணுமே, அதை யாரு செய்யறது? திருச்சியில இருக்கிறவனுக்குச் சரி. கடைமடையில இருக்கிறவனுக்கு?

குடமுருட்டிக் கரை · ஜூன் 20, இரவு 8.50

அக்கா கேட்டதுக்குப் பதில். ஆஸ்பத்திரிக்குக் கார்ல ரெண்டு மணி நேரம், பஸ்ஸுல போனா மூணு. வீட்டுல அம்மாதான், ஆனா அம்மாவுக்கு ஊசியைக் கண்டாலே கை நடுங்கும். நான் திருப்பூர்ல வேலை, இப்ப லீவு போட்டு வந்திருக்கேன். எங்க ஊர்லேர்ந்து நாலு கிலோமீட்டர்ல ஒரு நர்சிங் ஹோம் இருக்கு. அங்க ஒரு சிஸ்டர் முன்னாடி சென்னையில ஐ.சி.யூ.ல வேலை பார்த்தவங்களாம். பிக் டிரெஸ்ஸிங் தெரியும்னு சொன்னாங்க. போர்ட் ஊசி குத்துவீங்களான்னு கேட்டேன், "அது மட்டும் நான் தொட மாட்டேன் தம்பி"ன்னுட்டாங்க.

மஜ்ஜை மாற்று பத்தி டாக்டர் "மூணு சுற்று முடியட்டும், பார்ப்போம்"னு மட்டும் சொன்னாரு.

கேள்விக்குறி அண்ணே, நீங்க கேட்டதுதான் எனக்கும் இப்ப பெரிய கேள்வி.

வார்டு அக்கா · ஜூன் 20, இரவு 10.30

அந்த சிஸ்டரைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. பாதி பதில் அங்கயே வந்துருச்சு.

பிக் போட்டா வாரம் ஒரு தடவை டிரெஸ்ஸிங் மாத்தணும், அன்னைக்கே பிளஷ்ஷும் பண்ணிடலாம். ஹிக்மேனுக்கும் அதே கணக்குதான். மேல ஒட்டுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டர் ஏழு நாள் தாங்கும். ஆனா நம்ம ஊரு புழுக்கத்துக்கு அது நாலாம் நாளே ஓரம் கிளம்பும். கிளம்பினா ஏழாம் நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே மாத்தணும். ரொம்ப வேர்க்குற ஆளுன்னா காஸ் வெச்சு ஒட்டுவாங்க, அப்ப ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்.

அப்பா சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற ஆளா? தலையில வெச்ச எண்ணெய் கையில வழிஞ்சா பிளாஸ்டர் நிக்கவே நிக்காது. எங்க வார்டுல பாதிப் பேருக்கு டிரெஸ்ஸிங் பிரிஞ்சு வர்றது இதனாலதான். அதோட கையில மந்திரிச்ச கயிறு, விபூதிக் குழைச்சல் எதுவும் வேணாம். சாமி கோவிச்சுக்க மாட்டாரு, இன்னொரு கையில கட்டுங்க.

துலாக்கட்டம் · ஜூன் 21, காலை 7.45

நான் நோயாளியே. 61 வயசு, மயிலாடுதுறை. மைலோமா, அதுவும் எலும்பு மஜ்ஜையில வர்ற ரத்தப் புற்று. லைன் இல்லாமலே ஏழு மாசம் ஓட்டினேன். எனக்குப் போட்ட ஊசி வயித்துத் தோலுக்கு அடியில போடுறது, கூடவே மாத்திரை. ரத்தப் புற்றுன்னாலே நெஞ்சுல குழாய்னு பயப்படுறவங்களுக்குச் சொல்றேன். என் கூட ஓ.பி.ல உக்காந்திருக்கிற சி.எம்.எல்.ங்கிற மெதுவா வளர்ற ரத்தப் புற்று ஆளுங்க பாதிப் பேரு மாத்திரையை வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயிடுறாங்க.

மாற்று சிகிச்சைக்காக என் சொந்த ஸ்டெம் செல்லை (ரத்தத்தை உண்டாக்குற மூல அணு) எடுக்குற அன்னைக்குத்தான் எனக்குக் குழாய் போட்டாங்க. டயாலிசிஸ்காரங்களுக்குப் போடுவாங்களே, அந்த மாதிரி கழுத்துல தடிமனா ஒண்ணு. மெஷின் ஒரு பக்கம் ரத்தத்தை வேகமா இழுத்து, பிரிச்சுட்டு, மறுபக்கம் திருப்பித் தரணும். பிக் குழாய் அந்த வேகத்தைத் தாங்காது, உறிஞ்சினா ஒட்டிக்கும். வேலை முடிஞ்சதும் கழுத்துக் குழாயை எடுத்துட்டு, மாற்று சிகிச்சைக்கு ஹிக்மேன் வெச்சாங்க.

ஒரு எச்சரிக்கை. மைலோமாவுல கிட்னி கெடுறது சகஜம். எனக்கு கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த அளவு) ஏறியிருந்துச்சு. அதனால, "கையில பிக் போடவே கூடாது, பின்னாடி டயாலிசிஸ் தேவைப்பட்டா கை நரம்பு பத்திரமா இருக்கணும்"னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க இதை வாய் விட்டுக் கேளுங்க. அவங்களாச் சொல்லுவாங்கன்னு இருக்காதீங்க.

ஹிக்மேன் வால் ரெண்டும் நெஞ்சுல தொங்கும், தூக்கத்துல இழுபடும்னு பயமா இருக்கும். என் வீட்டுக்காரம்மா பழைய வேட்டியில ஒரு சுருக்குப் பை தைச்சுக் கழுத்துல மாட்டிவிட்டா. அதுக்குள்ள சுருட்டி வெச்சுக்குவேன். பக்கத்துக் கட்டில்காரங்க ஆறு பேருக்குத் தைச்சுக் கொடுத்தா.

வலங்கை · ஜூன் 21, காலை 10.10

ஒரு விஷயம் யாரும் சொல்லல. எதைப் போடுறோம்ங்கிறதைவிட யாரு தொடுறாங்கங்கிறது முக்கியம்.

என் மனைவிக்கு லிம்போமா, நெறிக்கட்டுல வர்ற புற்று. பிக் போட்டிருந்துச்சு. ஒரு நாள் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் பிளஷ்ஷுக்குக் கூட்டிட்டுப் போனேன், பேர் வேணாம். அங்க இருந்த பொண்ணு ரெண்டு மில்லி சிரிஞ்சுல உப்புத் தண்ணி எடுத்து அழுத்துச்சு. போகல. இன்னும் பலமா அழுத்துச்சு. வெளிய தொங்குற பாகத்துல பட்டுன்னு ஒரு கீறல், ரத்தம் கசியுது. அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சிருச்சு. நான் லைன் போட்ட இடத்துக்கு போன் அடிச்சேன். "விரிசலுக்கும் உடம்புக்கும் நடுவுல குழாயை மடிச்சு, கிளிப் போட்டு இறுக்குங்க. காத்து உள்ள போகக் கூடாது. உடனே கிளம்புங்க"ன்னாங்க. கிளிப் கிடைக்கல, மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டுக் கையில பிடிச்சுக்கிட்டே தஞ்சாவூர் வரைக்கும் போனோம். வழியில அம்மாப்பேட்டை கேட் போட்டிருந்தான். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு ஒரு யுகம்.

அன்னையிலேர்ந்து சிரிஞ்சு நானே வாங்கி எடுத்துட்டுப் போவேன்.

வார்டு அக்கா · ஜூன் 21, பிற்பகல் 1.00

வலங்கை அண்ணன் சொன்னதை எல்லாரும் மனசுல வைங்க. 10 மில்லிக்குக் குறைஞ்ச சிரிஞ்சு சென்ட்ரல் லைன் பக்கமே வரக் கூடாது. சிரிஞ்சு சின்னதாக ஆக அழுத்தம் ஏறும். தள்ளித் தள்ளி நிறுத்தி விடணும், ஒரே மூச்சுல அழுத்தக் கூடாது. வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்டு பஞ்சால 15 வினாடி நல்லாத் தேய்க்கணும். சும்மா தொட்டு எடுக்கிறது தேய்க்கிறதுல சேராது. நீங்க பக்கத்துல நின்னு எண்ணுங்க. எந்த நர்ஸும் கோவிச்சுக்கக் கூடாது, கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

சில சமயம் தண்ணி உள்ள போகும், ரத்தம் திரும்பி வராது. கையைத் தூக்கச் சொல்லுங்க, இருமச் சொல்லுங்க, தலையைத் திருப்பச் சொல்லுங்க. அப்பவும் வரலைன்னா அதுல கீமோ ஏத்த விடாதீங்க, டாக்டர் பார்க்கட்டும். நுனியில சவ்வு மாதிரி படிஞ்சிருந்தா கரைக்கிறதுக்கு மருந்து இருக்கு.

பழைய வாத்தியார் · ஜூன் 21, மாலை 5.30

கும்பகோணத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பயந்து போயிருக்கும் தம்பிக்கு ஒரு கதை. 1929இல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், தன் கை நரம்பிலேயே ஒரு நீண்ட குழாயைச் செருகி இதயம் வரை ஓட்டினார். பிறகு குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 1956இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று அப்பாவின் கையில் போடப்போகும் பிக், அந்த வழியின் பேரப்பிள்ளைதான்.

ஹிக்மேன் என்பதும் ஓர் ஆளின் பெயரே. சியாட்டிலில் குழந்தைகளின் சிறுநீரக மருத்துவர். அதற்கு முன் 1973இல் பிரோவியாக் என்பவரும் கூட்டாளிகளும், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தத்தின் வழியே உணவூட்ட ஒரு மெல்லிய குழாயை வடிவமைத்திருந்தார்கள். மஜ்ஜை மாற்றுக்கு அது போதவில்லை. ரத்தம் ஏற்றவும் எடுக்கவும் அகலமான வாய் வேண்டும். ஹிக்மேன் அதை அகலப்படுத்தி 1979இல் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான டொனால் தாமஸ்தான் மஜ்ஜை மாற்றுக்காக 1990இல் நோபல் பெற்றார். ஆக, ஹிக்மேன் பிறந்ததே ரத்தப் புற்று வார்டில்தான்.

சும்மா ஒரு ஆள் · ஜூன் 21, மாலை 6.12

வாத்தியாரே, திங்கட்கிழமைக்குள்ள அவன் பதில் சொல்லணும், நீங்க ஜெர்மனிக்குப் போயிட்டீங்க. 😄

என்னைக் கேட்டா, இதையெல்லாம் நோயாளி வீட்டுல கேக்குறதே தப்பு. டாக்டருக்குத் தெரியாததா? அவரே முடிவு பண்ணிப் போட வேண்டியதுதானே.

இரவுப்பணி · ஜூன் 21, இரவு 7.40

அவருக்குத் தெரியாதது சில இருக்கு. அப்பா எத்தனை மணிக்கு வயலுக்குப் போவாரு, அம்மா கை நடுங்குமா, பக்கத்துல எந்த சிஸ்டர் இருக்காங்க, இதெல்லாம் கேஸ் ஷீட்ல இருக்காது. அதுக்குத்தான் கேட்டிருக்காரு. நல்ல டாக்டர்.

தம்பி, திங்கட்கிழமை போறப்ப இதையும் கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டுல வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு. ஆனா லைனோட விலை அந்த பேக்கேஜுக்குள்ள வருதா, தனியாக் கட்டணுமான்னு அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டு உறுதி பண்ணிக்குங்க. போர்ட் பிக்கைவிட விலை கூடுதல். மாற்று சிகிச்சை வேணும்னு முடிவானா அந்த மையத்துல அவங்க விருப்பப்படி ஹிக்மேனோ வேறயோ புதுசாப் போடுவாங்க. இப்பவே அதுக்குக் காசு செலவழிக்க வேணாம்.

மன்னை அம்மா · ஜூன் 21, இரவு 9.00

நான் போர்ட்டுன்னு சொன்னதை மாத்திக்கிறேன் தம்பி. எங்க பையனுக்கு அது சரி, உங்க அப்பாவுக்கு பிக்குதான் சரின்னு படுது. ஆனா அப்பா கேட்டாரே வயலுக்குப் போகலாமான்னு, அதுக்கு யாரும் பதில் சொல்லல பாருங்க.

வார்டு அக்கா · ஜூன் 21, இரவு 10.20

போகக் கூடாது. எதைப் போட்டாலும் போகக் கூடாது. லைன் இல்லாட்டியும் போகக் கூடாது. வெள்ளை அணு இல்லாத உடம்புக்குச் சேத்துல இருக்கிற கிருமி எமன். வரப்புல செருப்புப் போட்டு நின்னு பார்க்கலாம், அதுவும் கவுண்ட் ஏறின வாரத்துல மட்டும். பிக் போட்ட கையால மண்வெட்டி, குடம், மூட்டை எதுவும் தூக்க வேணாம். அந்தக் கையில பி.பி. பார்க்க விடாதீங்க, ரத்தம் எடுக்கக் குத்த விடாதீங்க.

குடமுருட்டிக் கரை · ஜூன் 25, இரவு 8.15

பிக் போட்டாச்சு. வலது கை. ஸ்கேன் மெஷின்ல நரம்பைப் பார்த்துக்கிட்டே போட்டாங்க, அரை மணி நேரம். அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுனி சரியா நிக்குதான்னு பார்த்தாங்க. 42 செ.மீ. உள்ள, ரெண்டு வாய். அப்பா, "கொசு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு"ன்னாரு. சித்தப்பா இன்னும் பேச மாட்டேங்கிறாரு.

குடமுருட்டிக் கரை · ஆகஸ்ட் 4, காலை 11.30

முதல் சுற்று முடிஞ்சு கவுண்ட் ஏறி வீட்டுல இருக்கோம். நேத்து ஆடிப்பெருக்கு. ஊரே ஆத்துல. அப்பா படித்துறையில உக்காந்து காலை மட்டும் நனைச்சுக்கிறேன்னாரு. நான் அம்மாவோட காதோலை கருகமணி விடப் போய்த் திரும்பிப் பார்க்குறேன், பேரப்பிள்ளைங்களைப் பிடிக்கிறேன்னு இடுப்பளவு தண்ணியில நிக்கிறாரு. டிரெஸ்ஸிங் முழுக்க ஈரம். பயந்துபோய் அப்படியே நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். சிஸ்டர் திட்டித் தீர்த்துட்டுச் சுத்தம் பண்ணிப் புது டிரெஸ்ஸிங் போட்டாங்க. இப்ப வரைக்கும் காய்ச்சல் இல்லை. எதைக் கவனிக்கணும்?

வார்டு அக்கா · ஆகஸ்ட் 4, பிற்பகல் 12.05

குழாய் நுழையுற இடத்துல சிவப்பு, சீழ், வலி. கை வீக்கம், கழுத்துல வலி, விரல் கனம்னா ரத்தம் கட்டியிருக்கலாம். ரெண்டு கை சுத்தளவையும் நூலால அளந்து வைங்க, வித்தியாசம் தெரியும். தெர்மாமீட்டர்ல 100.4 தொட்டா மாத்திரை கொடுத்துட்டுக் காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பணும். முக்கியமா, பிளஷ் பண்ணி அரை மணி, ஒரு மணி நேரத்துல உடம்பு தூக்கிப் போடுற மாதிரி குளிர் நடுக்கம் வந்தா அது லைன் காய்ச்சலா இருக்க வாய்ப்பு அதிகம். அங்க போனதும் லைன்லேர்ந்து ஒரு கல்ச்சர் (ரத்தத்துல கிருமி முளைக்குதான்னு பார்க்குற டெஸ்ட்), இன்னொரு கையிலேர்ந்து ஒரு கல்ச்சர், ரெண்டும் எடுக்கச் சொல்லுங்க.

பேரப்பிள்ளைங்களை இனி நீங்க பிடிங்க.

இரவுப்பணி · ஆகஸ்ட் 4, பிற்பகல் 3.50

ரெண்டு இடத்துல எடுக்கிறது ஏன்னா, லைன்ல எடுத்த பாட்டில்ல கிருமி ரெண்டு மணி நேரமோ அதுக்கு மேலயோ முன்னாடி முளைச்சா குற்றவாளி லைன்தான்னு பிடிச்சுடலாம். இல்லைன்னா நல்ல லைனை அநியாயமா உருவிடுவாங்க.

குடமுருட்டிக் கரை · செப்டம்பர் 9, காலை 5.20

ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் 101.2. ரெண்டாவது சுற்று முடிஞ்சு பன்னெண்டாவது நாள். கார் பிடிச்சு மூணு மணிக்கெல்லாம் திருச்சி வந்துட்டோம். நானே ரெண்டு கல்ச்சர்னு கேட்டேன், டூட்டி டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு, ஆனா எடுத்தாரு. வந்து அரை மணி நேரத்துல ஆன்டிபயாட்டிக் ஏறிடுச்சு. வெள்ளை அணு 200. அப்பா தூங்குறாரு.

வலங்கை · செப்டம்பர் 9, காலை 6.00

நல்ல வேலை செஞ்சீங்க தம்பி. நீங்களும் கொஞ்சம் தூங்குங்க.

குடமுருட்டிக் கரை · செப்டம்பர் 13, மாலை 6.45

கல்ச்சர் ரெண்டுலயும் எதுவும் முளைக்கல. காய்ச்சல் மூணாம் நாளே விட்டுடுச்சு. வாய்ப் புண்ணுலேர்ந்து வந்திருக்கலாம்னாங்க. லைன் தப்பிச்சுது.

கேள்விக்குறி · செப்டம்பர் 13, இரவு 9.10

சந்தோஷம் தம்பி. நான் அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். ஆனா போர்ட் பத்தி நான் சொன்னது கட்டிப் புற்றுக்காரங்களுக்கு இன்னும் சரிதான். அதைப் படிச்சுட்டு யாரும் பின்வாங்க வேணாம்.

குடமுருட்டிக் கரை · நவம்பர் 6, இரவு 7.30

மூணு சுற்றும் முடிஞ்சுது. மஜ்ஜை சுத்தமா இருக்கு. மாற்று சிகிச்சை இப்போதைக்கு வேணாம்னுட்டாங்க. இன்னைக்கு பிக்கை எடுத்துட்டாங்க. வெளிய அடைமழை, வார்டுல கரண்ட் வேற போய்ப் போய் வந்துச்சு. அப்பாவை மல்லாக்கப் படுக்க வெச்சு, மூச்சை அடக்கச் சொல்லி, மெதுவா இழுத்தாங்க. வலியே இல்லையாம். குழாயை ட்ரேயில போட்டதும் அப்பா எழுந்திருச்சு அதைப் பார்க்கணும்னாரு. சாணால அளந்து பார்த்தாரு. ரெண்டு சாண். "இம்புட்டுமா உள்ள கிடந்துச்சு"ன்னாரு. சித்தப்பாவுக்கு போன் போட்டு அதையே சொன்னாரு.

எடுத்த இடத்துல காஸ் வெச்சு இறுக்கமா ஒட்டியிருக்காங்க. வீட்டுக்கு வந்ததும் பிரிக்கலாமா?

வார்டு அக்கா · நவம்பர் 6, இரவு 8.10

கூடாது. 24 மணி நேரம் அப்படியே காத்துப் புகாம மூடியிருக்கட்டும். நாளைக்குப் பிரிச்சுப் பாருங்க, ரத்தம் கசியலைன்னா திறந்து விட்டுடலாம். புண்ணு ஆறுற வரைக்கும் தண்ணியில ஊற வேணாம். கை வீங்கினா மட்டும் உடனே காட்டுங்க, குழாய் போனப்புறமும் சில பேருக்கு ரத்தம் கட்டும்.

குடமுருட்டிக் கரை · நவம்பர் 6, இரவு 8.25

சரி அக்கா. நாளைக்குச் சாயங்காலம் பிரிக்கிறோம். அப்பா இப்பவே குடையைத் தேடிட்டிருக்காரு, வாய்க்கால்ல தண்ணி வடியுதான்னு பார்க்கணுமாம்.

வார்டு அக்கா · நவம்பர் 6, இரவு 8.27

குடையை ஒளிச்சு வைங்க.